வெளிச்சவீட்டுக்கு வெளியால

திருக்கடலூர்க் கரையில் மீனோடு வந்து இறங்குகிறவனிடம் எங்கே பிடித்தாய் என்று கேட்பதும் கலியாண வீட்டில் பெண்ணின் வயதைக் கேட்பதும் ஒன்று. கேட்கலாம். பதிலும் வரும். அந்தப் பதிலை நம்புகிறவனைத்தான் கரை முழுக்கச் சேர்ந்து சிரிக்கும். பதில் எந்தக் காலத்திலும் மாறியதில்லை: "வெளிச்சவீட்டுக்கு வெளியால." கலவாய் பிடித்தவனும் அதைத்தான் சொல்வான், விளைமீன் பிடித்தவனும் அதைத்தான் சொல்வான், பெட்டியில் ஐஸை மட்டும் ஏற்றிப்போய் ஐஸை மட்டும் இறக்குகிறவனும் முகம் சுளிக்காமல் அதைத்தான் சொல்வான். எதிர்க்கரையில் கப்பல்களுக்கு வெளிச்சம் காட்டும் அந்த வெளிச்சவீட்டுக்கு வெளியே உண்மையில் கிடப்பது எப்போதோ மூழ்கிப்போன ஓர் இரும்புக் கப்பல். மீன் அங்கே இருக்கிறதுதான். வலை போட்டால் வலையும் அந்த மீன்களோடு அங்கேயே குடியிருந்துவிடும்.

தங்கேஸ்வரியின் புருஷன் கதிரவேல் இந்தப் பொய்யை மற்ற எல்லோரையும்விட லட்சணமாகச் சொன்னவர். கடலடியில் மீன் அடைந்து கிடக்கும் கற்திட்டுக்குப் பார் என்று பெயர். அவர் கண்டுபிடித்தது ஒரே ஒரு பார். எஞ்சின் நின்றுபோன ஒருநாள், வேறு வேலையில்லாமல் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு தூண்டிலை விட்ட இடம். சுருட்டுப்பார் என்று அவரே பெயர் வைத்தார். அது எங்கே இருக்கிறதென்று கூடப்பிறந்த தம்பிக்கும் சொல்லவில்லை, கோயில் ஐயருக்கும் சொல்லவில்லை. போனுக்குள் மட்டும் பதிந்து வைத்தார். போனைத் தவிர யாரிடமும் உண்மை பேசாத அந்த மனிதர் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தபிறகு, ஒரு பைபர் படகும் ஓர் எஞ்சினும் படகோட்டி லதீசனும் சுருட்டுப்பாரும் தங்கேஸ்வரியின் கைக்கு வந்தன. பார் இல்லாவிட்டால் மற்ற மூன்றும் கரையில் கிடந்து வெயில் காய வேண்டியதுதான்.

போனில் இருந்த செயலிக்குப் பெயர் 'பார்வழி'. அதை எழுதியவள் அன்புவழிபுரத்துப் பிரசாந்தினி, கம்ப்யூட்டர் படிப்பிக்கிறவள். கதிரவேல் இருந்த நாளில் அவள் அதைக் கரைக்குக் கொண்டுவந்தபோது கூடவே நிருபன் என்று ஒருவனும் வந்தான். அன்றைய நிருபனுக்குத் தாடி இருந்தது, கறுப்பு ரீசேட் இருந்தது, அடித்தொண்டையும் இருந்தது. கட்டற்ற மென்பொருள் என்றால் என்ன என்று மீனவர் சங்க மண்டபத்தில் நின்று முழங்கினான். இது உங்கள் சொத்து, உள்ளே திறந்து பார்க்கலாம், பிடிக்காததை மாற்றலாம், மற்றவனுக்கும் கொடுக்கலாம், எந்தக் கொம்பனியும் உங்களைக் கட்டிப்போட ஏலாது! மீனவர்கள் மரியாதைக்குக் கொட்டாவியை மறைத்துக்கொண்டு கேட்டார்கள்.

தங்கேஸ்வரிக்கு மட்டும் அது உடனே விளங்கிற்று. அவள் கருவாட்டு வியாபாரியின் மகள். தகப்பனின் கடையில் சாக்கைத் தரையில் கொட்டிக் காட்டாமல் ஒரு கருவாடும் கைமாறியதில்லை. மேலே நல்ல கட்டாக் கருவாடு, அடியில் பூச்சி பிடித்தது என்பது ஊரறிந்த வித்தை. கொட்டமாட்டேன் என்று ஒருவன் சொன்னால் உள்ளே என்ன இருக்கிறது என்று தகப்பன் யோசித்ததே இல்லை. அடுத்த ஆளைக் கூப்பிடுவார்.

"அப்ப இது கொட்டிக் காட்டின சாக்கு எண்டுறீங்கள்" என்றாள்.

"அதேதான் அக்கா! இந்த மண்டபத்தில நீங்கள் ஒராள்தான் விளங்கினீங்கள்" என்று நிருபன் கண்கலங்கி, அடுத்த கரையில் முழங்கப் புறப்பட்டுவிட்டான். அவன் போனபின் தங்கேஸ்வரி பிரசாந்தினியிடம் திரும்பினாள்.

"அப்ப எங்களுக்கு ஏத்தமாதிரி ஒண்டை மாத்தித் தாங்கோ. ஆராவது எட்டிப் பாத்தா இந்தப் போன் பொய் சொல்லவேணும்."

பிரசாந்தினி திடுக்கிட்டாள். "பொய் சொல்லுற புரோகிராமோ அக்கா?"

"பொய்யை நாங்கள் சொல்லுவம் பிள்ளை. அது எங்களோட ஒத்து நிண்டாக் காணும்."

பிரசாந்தினி அதையும் எழுதிக் கொடுத்தாள். செயலியைத் திறந்தால் முதலில் வருவது பொய்ப் பக்கம். திரையில் மூன்று விரலை ஊன்றிப் பிடித்தால்தான் உண்மைப் பக்கம் வரும். கரையில் இருந்த படகுக்காரர் எல்லோரும் பொய்ப் பக்கத்தில் இடம் குறிக்க உட்கார்ந்தார்கள். பொய்க்கென்று புதிதாக யோசிக்க யாருக்குத் தேவை? பாட்டன் சொன்ன பொய் கையிலேயே இருந்தது. அத்தனை பேரும் ஒரே இடத்தைக் குறித்தார்கள்.

*

நிருபன் மறுபடி வந்தபோது தாடியைக் காணவில்லை. பின்னால் சாமான் ஏற்றும் டபிள் கப் வாகனத்திலிருந்து இறங்கினான். நெஞ்சில் நீல வலையொன்று தைத்த சேட். 'நீலவலை' என்கிற கொழும்புக் கொம்பனியின் சமூகத் தொடர்பாளர் இப்போது அவன். அடித்தொண்டை மட்டும் பழையதுதான், வாடகைக்கு விட்டிருந்தான்.

நீலவலை பார்வழியை எடுத்து, நீலம் பூசி, மூடியை இறுக்கிப் பூட்டியிருந்தது. பிரசாந்தினி போட்ட நிபந்தனை லேசானது. யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் விற்கலாம். ஆனால் யாருக்குக் கொடுக்கிறீர்களோ அவருக்கு உள்ளே எழுதியிருப்பதையும் காட்டிக் கொடுக்கவேண்டும். கொம்பனி இதில் முதல் பாதியை மிகுந்த பக்தியோடு கடைப்பிடித்தது.

"பழைய போனைத் தாங்கோ, அதில கிடக்கிற இடமெல்லாம் மாத்திப்போட்ட புதுக் கருவியை எடுங்கோ. சல்லிக்காசு வேண்டாம்" என்றான் நிருபன். கருவியோடு ஒரு குடை, ஒரு தொப்பி. கூடப்பிறந்தவனுக்கும் பாரைக் காட்டாத வம்சம், ஒரு குடைக்கு வரிசையில் நின்றது. மழைக்காலமும் அல்ல.

தங்கேஸ்வரியும்தான் கொடுத்தாள். புதுக் கருவியின் திரை உச்சி வெயிலிலும் பளிச்சென்று தெரிந்தது. பளிச்சென்று தெரிகிற சாக்கின் மேற்பக்கத்தைப் பார்த்து ஏமாந்தவர்களை ஆயுசு முழுக்க நக்கலடித்தவள், அன்றைக்குத் தானே போய்த் தலையைக் கொடுத்தாள்.

அடுத்த நாள் லதீசன் வெறும் பெட்டியோடு வந்தான்.

"அக்கா, மூண்டு விரல் வைச்சுப் பாத்தனான். அஞ்சு விரலும் வைச்சுப் பாத்தனான். கடைசியா நெத்தியாலயும் முட்டிப் பாத்தனான். வெளிச்சவீட்டுக்கு வெளியாலயே நிக்குது சனியன்."

தங்கேஸ்வரி பிரசாந்தினியைக் கூப்பிட்டாள். அவள் வந்து கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தாள்.

"இதுக்குள்ள பாக்க ஏலாதக்கா. முழுக்கப் பூட்டிப்போட்டாங்கள். நிபந்தனைப்படி உள்ள எழுதினதைத் தாங்கோ எண்டு கேட்டு எழுதினனான். 'உங்கள் ஆர்வத்துக்கு நன்றி' எண்டு பதில் வந்தது."

"உன்ர சாமானை உனக்கே காட்டமாட்டினமாமோ?"

"ஓம்."

"நல்ல வளர்ப்பு. சரி, என்ர பார் எங்க?"

"ரெண்டில ஒண்டு. உங்கட உண்மைப் பக்கத்தையும் கொம்பனி தன்ர மெசினுக்கு இழுத்துக்கொண்டு, உங்களுக்கு மட்டும் மறைச்சிருக்கலாம். இல்லாட்டி அப்பிடி ஒரு பக்கம் இருக்கெண்டதே அவங்களுக்குத் தெரியாமலும் இருக்கலாம். எது எண்டு உள்ளுக்குப் பாத்தாத்தான் சொல்லலாம்."

"பழைய போன்?"

"அழிக்காம வைச்சிருந்தா அதில எல்லாம் அப்பிடியே கிடக்கும்."

பழைய போன்கள் எல்லாம் நிருபனின் வாகனத்துக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் கிடந்தன. கொழும்புக்குக் கொண்டுபோய்ச் சூழலுக்குப் பாதுகாப்பாக அழிக்கப் போகிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். கருவியில் உள்ள இடங்களைக் கொம்பனி எடுத்தாளப் படகுக்காரரின் சம்மதத்தை வாங்கிக்கொண்டு அன்றைக்கே புறப்படுவதாக நிருபன் எல்லோரிடமும் சொல்லியிருந்தான்.

"வழக்குப் போடலாம் அக்கா" என்றாள் பிரசாந்தினி.

"போடு. உன்ர வழக்கு முடியேக்க லதீசனுக்குப் பேரன் பிறந்திருப்பான். எனக்கு ஞாயித்துக்கிழமைக்குள்ள ரெண்டு விசயம் வேணும். கொம்பனியிட்ட என்ர பார் இருக்கோ இல்லையோ எண்டு தெரியவேணும். என்ர போன் வேணும்."

*

கூட்டத்துக்கு றோல்ஸ், பற்றிஸ் என்று பலகாரமும் நெஸ்கபேயும் வந்திருந்தன. சங்கத்தின் சொந்தக் கூட்டங்களுக்குப் பால் விடாத பிளேன்ரீக்கு வருகிற கூட்டத்தைவிட இரண்டு பங்கு கூட்டம். முன்வரிசைக் கதிரையில் முழுக்கைச் சேட்டோடு ஒரு கனவான் இருந்தார். நாட்கணக்கில் ஆழ்கடலில் தங்கி அள்ளும் பெரிய கப்பற்படகுகள் அவருடையவை. அவர் ஏன் வந்தார் என்று யாரும் சொல்லவில்லை. கரைப் படகுகளின் இடங்களைக் காசு கொடுத்து வாங்குகிறவர் வேறு யாராக இருக்கும்? யாரும் கேட்கவேண்டியும் இருக்கவில்லை. பின்வரிசையில், கரை முழுக்க அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடும் மீன் முதலாளி அபூதாஹிர் றோல்ஸோடு இருந்தார். கரையில் இறங்குகிற மீனில் பாதியை வாங்குகிறவர் அவர். காலமெல்லாம் எங்கே பிடித்தாய் என்று கேட்டுக்கேட்டு, பதிலையும் கேட்டுக்கேட்டு, நரைத்தவர்.

நிருபன் பேசினான். சமூகம் என்றான், பகிர்வு என்றான், திறந்த மனம் என்றான். திறந்த என்ற சொல் அவன் வாயில் அத்தனை தடவை வந்தது. திறக்கத்தான் ஒன்றும் இல்லை.

"உங்கட படகுகள் காலம்காலமாச் சேர்த்த அறிவை எங்கட செயற்கை நுண்ணறிவு ஒண்டாக்கி இருக்கு. இதுவரை ஒருத்தரும் காணாத வரைபடம். பாருங்கோ!"

சுவரில் கடல் விரிந்தது. தங்கேஸ்வரியின் கண் முதலில் ஓடியது சுருட்டுப்பாருக்குத்தான். போன் இல்லாமல் அந்த இடத்துக்கு அவளால் படகை அனுப்ப முடியாது. ஆனால் படத்தில் எந்தப் பக்கம் என்று தெரியும். அந்தப் பக்கத்தில் நீலம். வெறும் நீலம். ஒரு புள்ளிகூட இல்லை. அவள் மூச்சை விட்டாள்.

பிறகுதான் மற்றதைப் பார்த்தாள். கடல் முழுக்க வெறுமையாய்க் கிடக்க, ஒரே ஓர் இடத்தில் மட்டும் கொப்புளம் போலச் சிவப்பாய் வீங்கிப் பளபளத்தது. எதிர்க்கரை வெளிச்சவீட்டுக்கு வெளியே.

"கிழக்குக் கடலின்ர மீன் களஞ்சியம்!" என்று நிருபன் கையை விரித்தான். "எல்லாப் படகின்ர குறிப்பும் ஒரே இடத்தைத்தான் காட்டுது. இப்பிடி ஒரு துல்லியத்தை எங்கட மெசின் வேற எங்கயும் கண்டதில்லை!"

மண்டபம் முழுக்க உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தது. மரண வீட்டிலும் இப்படியொரு அமைதியை அந்தக் கரை காத்ததில்லை. பின்வரிசையில் அபூதாஹிருக்கு றோல்ஸ் புரையேறிற்று. இருமி இருமிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

"சரிதானே அக்கா? உங்கட படகும் அங்கதானே தொழில்?" என்று நிருபன் தங்கேஸ்வரியைப் பார்த்தான்.

வாங்க வந்தவன் ஒரு பொருளில் கையை வைத்தவுடன் விற்கிறவன் முகம் எப்படி இருக்கவேண்டும் என்று அவளுக்குப் பாலோடு ஊட்டியிருந்தார்கள். சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ தம்பி, அதையும் கண்டுபிடிச்சிட்டீங்களோ?"

அவ்வளவு போதுமாயிருந்தது. ஒருவன் தலையில் கைவைத்தான். ஒருவன், "எங்கட வயித்தில அடிக்காதீங்கோ தம்பி, பிள்ளையள் பாவம்" என்று குரலை உடைத்தான். கோயில் திருவிழாக் கூத்தில் மூன்று வருசமாக வேசம் கிடைக்காத ஒருவன் எழுந்து, யாரடா காட்டிக் கொடுத்தவன் என்று மண்டபத்தைச் சுற்றி முறைத்தான். முழுக்கைச் சேட்டுக் கனவான் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார்.

ஓரத்தில் இருந்த பிரசாந்தினி எழுந்தாள். அவளுக்கு நடிப்பு வராது. மனச்சாட்சி வேறு இருந்தது.

"நிருபன், ஒரு கேள்வி. உள்ள என்ன எழுதியிருக்கெண்டு நீங்கள் இவையளுக்குக் காட்டவேணும். அது நிபந்தனை. இப்பவாவது திறந்து காட்டுங்கோ. பிழை ஏதும் இருந்தா நானே சும்மா திருத்தித் தாறன்."

நிருபன் சிரித்தான். பள்ளிக்கூடத்தில் கவிதை எழுதியதைப் பிற்காலத்தில் நினைத்துச் சிரிக்கிறவர்களின் சிரிப்பு.

"பிரசா, நீர் இன்னும் அந்தப் பழைய கதையிலயே நிக்கிறீர். உள்ளுக்கு என்ன இருக்கெண்டு பாக்க இவையளுக்கு நேரமோ? ஒண்டையும் பாக்காம நிம்மதியா இருக்கிறதுதான் இப்ப சுதந்திரம். பிழையோ? உம்மட எழுத்தில கிடந்த குப்பையை எங்கட எஞ்சினியர்மார்தான் துப்பரவாக்கினவை. மூண்டு விரல் வைச்சா என்னமோ ஒரு பக்கம் வரும் எண்டு, தமிழில வேற ஏதோ விளக்கம் எழுதி வைச்சிருந்தீராம். அங்க ஒருத்தருக்கும் விளங்கேல்ல. வெட்டி எறிஞ்சாச்சு."

நிருபனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். ஒருமுறை எட்டிப் பார்த்திருந்தால் அவனுக்கு விளங்கியிருக்கும். உள்ளே பார்க்கிற பழக்கத்தைத் தாடியோடு சேர்த்து மழித்துவிட்டான்.

பிரசாந்தினி தங்கேஸ்வரியைப் பார்த்தாள். கேட்டாயிற்று, சும்மா திருத்தித் தருகிறேன் என்றும் சொல்லியாயிற்று. மனச்சாட்சியை மடித்து வைத்துவிட்டு அவளும் உட்கார்ந்து ஒரு பற்றிஸ் எடுத்தாள்.

*

சம்மதம் என்பது ஒரு பொத்தான். தட்டையான ஒரு கருவியில் எறும்பு ஊர்ந்தமாதிரி எழுத்து முடிவில்லாமல் ஓடியது. கீழே 'ஒப்புக்கொள்கிறேன்'. படகுக்காரர் ஒவ்வொருவராகக் கண்ணைத் துடைத்துக்கொண்டே அமத்தினார்கள். சங்கத்தின் பொருளாளர் தங்கேஸ்வரி. அவள் அமத்தினால்தான் கணக்குச் சரி. அவளோ முற்றத்தில் நின்ற வாகனத்தின் பின்பக்கம் போய்ச் சாய்ந்துகொண்டாள்.

"இவ்வளவு பெரிய களஞ்சியத்தை எடுக்கிறீங்கள். படகுக்கு ஒரு புது எஞ்சின் தாங்கோ."

"ஐயோ அக்கா, அது ஏலாது."

"அப்ப ஒரு பெரிய பிறீசர்."

"கொம்பனி ஒத்துக்கொள்ளாதக்கா."

"என்னதான் ஏலும்? குடையோ? குடையை எத்தினை தரம் பிடிக்கிறது?" அவள் எரிச்சலோடு வாகனத்துக்குள் பார்வையை எறிந்தாள். போன்களைப் பார்க்கவில்லை. பெட்டியைத் தட்டிப் பார்த்தாள். "இந்தப் பெட்டியாவது உருப்படியாக் கிடக்கு. ஐஸ் போடலாம். இதைத் தாங்கோ."

வெளியே நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த அபூதாஹிர் நிலவரத்தைக் கண்ணால் நிறுத்துவிட்டுக் கிட்ட வந்தார்.

"என்ன தங்கச்சி, இந்தப் பொட்டிக்கா இவ்வளவு கதை? காதும் ஒடஞ்சி கெடக்கு."

"ஒடைஞ்சாலும் பரவாயில்லை நானா. உள்ளுக்குக் கிடக்கிற குப்பையை அவர் கொட்டிப்போட்டுத் தரட்டும்."

நிருபன் பெட்டிக்குள் பார்த்தான். உப்புப் பிடித்த, திரை வெடித்த, மீன் நாற்றமடிக்கிற போன்கள். கொட்டினால் வாகனம் முழுக்க உருளும். கொழும்புவரை நாறும்.

"பெட்டியோட எல்லாத்தையும் எடுங்கோ அக்கா."

தங்கேஸ்வரி ஓரடி பின்னால் போனாள். "இந்தக் குப்பையை நான் எங்க கொண்டுபோய்க் கொட்டுறது? நகரசபைக்காரன் என்னைப் பிடிப்பான். வேண்டாம், நீங்களே கொட்டுங்கோ."

"அக்கா, கெஞ்சிக் கேக்கிறன். எங்களுக்கு வேண்டிய தரவெல்லாம் ஏற்கெனவே மேல போயிட்டுது. இது வெறும் ஓடு."

"கேக்கிறார் தானே தங்கச்சி, எடு, பாவம்" என்றார் அபூதாஹிர், வானத்தைப் பார்த்துக்கொண்டு.

"சரி, இன்னும் ரெண்டு குடை வையுங்கோ."

குடையும் வந்தது. லதீசன் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு, நடையா ஓட்டமா என்று தெரியாத ஒரு வேகத்தில் வாசற் படலையைத் தாண்டினான். தங்கேஸ்வரி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொத்தானுக்கு மேலிருந்த எழுத்தை நிதானமாக வாசித்தாள். திரையில் தெரியும் இடங்கள் அனைத்தும் நிறுவனத்தின் உரிமை என்று இருந்தது.

"தெரியிறதெல்லாம் உங்கட. தெரியாதது?"

"தெரியாதது எண்டு ஒண்டும் இல்லையக்கா" என்று நிருபன் பெருந்தன்மையோடு சொன்னான்.

அவள் அமத்தினாள்.

*

பெரிய கப்பற்படகுகள் வெளிச்சவீட்டுக்கு வெளியே போன செய்தி கரைக்கு வந்தது. வலைகள் திரும்பி வராத செய்தி அதற்குப் பின்னாலேயே வந்தது. நிருபனும் போனில் வந்தான். குரலில் அடித்தொண்டை இல்லை.

"அக்கா, அது உண்மையா உங்கட இடம்தானோ? கப்பற்படகு முதலாளி துள்ளுறார்."

"எங்களுக்கென்ன தெரியும் தம்பி? உங்கட மெசின்தானே சொன்னது. எங்கயோ பிசகியிருக்கும். உள்ளுக்குத் திறந்து பாருங்கோ."

நிருபன் குரலை இன்னும் தாழ்த்தினான்.

"பூட்டின்ர திறப்பு எனக்கில்லையக்கா. கொம்பனியில எங்களையும் உள்ளுக்குப் பாக்க விடமாட்டினம்."

தங்கேஸ்வரிக்கு ஒரு கணம் பாவமாக இருக்கப் பார்த்தது. மழித்த தாடியை நினைத்துக்கொண்டாள். அந்தப் பாவம் போய்விட்டது.

"அப்ப பிரசாந்தினியைக் கேளுங்கோ. அந்தப் பிள்ளை கொட்டியே காட்டும். சும்மாதான்" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

அந்நேரம் லதீசனின் படகு கரை தட்டிற்று. பொலித்தீன் பையில் சுற்றிய பழைய போனை அவன் இடுப்பில் செருகியிருந்தான். பெட்டி நிறையக் கலவாய். அபூதாஹிர் மூடியைத் தூக்கி, ஒரு கலவாயின் செவுளைப் பிரித்துப் பார்த்தார். பழக்கதோசத்தில் வாய் திறந்தது.

"எங்க பிடிச்ச தங்கச்சி?"

பக்கத்தில் காயப்போட்டிருந்த கருவாட்டை மூடிய வலையைக் காகம் இழுக்காமல் இருக்க, நீலவலைக் கருவி அதன்மேல் பாரமாக வைக்கப்பட்டிருந்தது. உச்சி வெயிலிலும் திரை பளிச்சென்று தெரிந்தது. அது கிணுகிணுத்தது. உங்கள் அருகில் வளமான மீன்பிடி இடம், மாதச் சந்தாவில் சேர்ந்து வழியைப் பெறுங்கள் என்று, வெளிச்சவீட்டுக்கு வெளியே சிவப்புக் கொப்புளம் மினுங்கிற்று.

தங்கேஸ்வரி மீனிலிருந்து கையை எடுக்காமல் மோவாயால் அதைக் காட்டினாள்.

"அதைக் கேளுங்கோ நானா."